இடைச்சொல்லும் இடைத்தரகரும்: ஒரகடத்து ‘த்ரூ’

ஒரகடம் கூட்டுரோடு, ஷிப்ட் விடும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். டீக்கடையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்.

“எந்த கம்பெனி தம்பி?”

தம்பி ஒரு கார் கம்பெனியின் பெயரைச் சொல்வான்.

“கம்பெனி ரோலா?”

“இல்லண்ணா, கன்சல்டன்சி த்ரூ.”

அவ்வளவுதான். அண்ணனுக்கு மீதி எல்லாம் புரிந்துவிடும். சம்பளம் ஏறக்குறைய எவ்வளவு, போனஸ் உண்டா, அடுத்த வருஷம் இவன் இங்கே இருப்பானா என்பதெல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. ஒரு ஆங்கில முன்னிடைச்சொல், நம்ம ஊர் டீக்கடையில் ஒரு மனிதனின் தொழில் நிலையையே சொல்லும் சொல்லாக ஆகிவிட்டது.

இந்தக் குறிப்பு அந்த ‘த்ரூ’வைப் பற்றியது. அதை நாம் எப்படிப் பேசுகிறோம், நம்ம ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ புத்தகங்கள் அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கின்றன, இந்தியச் சட்டம் அதை எப்படிப் படிக்கிறது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘த்ரூ’ என்பது பாதி வாக்கியம். ‘யார் த்ரூ’ என்று சொன்னால் ‘யாரால்’ என்று இன்னொரு இடம் காலியாக நிற்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பாமல் விடுவதில்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் பெரிய வழக்குகள் எல்லாம் இருக்கின்றன.

*

முதலில் பேச்சு. தமிழ் ஆங்கில முன்னிடைச்சொற்களை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது. ‘பை ஹேண்ட்’, ‘பை போஸ்ட்’ என்று சொல்கிறோம். ஆனால் அவை அச்சில் வார்த்த மாதிரி அப்படியே வந்த தொடர்கள். ‘பை மாமா’ என்று யாரும் சொல்வதில்லை. ‘த்ரூ’ மட்டும் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல், தமிழில் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது: ‘மாமா த்ரூ’, ‘ஏஜென்ட் த்ரூ’, ‘ஃப்ரெண்டு த்ரூவா’. ‘மூலமாக’ என்பதில் இருக்கும் ‘ஆக’ தேய்ந்து ‘த்ரூவா’ என்று வால் கூட ஒட்டிக்கொண்டது. அதாவது ‘ஏஜென்ட் மூலமா’ என்ற வாக்கியத்தில் ‘மூலம்’ உட்கார்ந்திருந்த நாற்காலியில் ‘த்ரூ’ அப்படியே உட்கார்ந்துவிட்டது. இலக்கணப்படி பார்த்தால் இது இப்போது ஆங்கிலச் சொல்லே இல்லை. உருபு மாதிரி வேலை செய்யும் ஒரு தமிழ் இடைச்சொல்.

ஏன் ‘த்ரூ’ வந்தது, ‘பை’ வரவில்லை? ‘ஆல்’ என்று நம்மிடம் நல்ல உருபு இருக்கிறதே, ‘பை’க்கு வேலை இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, ‘த்ரூ’ மரியாதையான சொல். ‘தரகர்’ என்றால் காசு வாங்குகிறவர் என்று தொனிக்கும். ‘சிபாரிசு’ என்றால் தகுதி இல்லாமல் வந்தவன் என்று தொனிக்கும். ‘த்ரூ’வில் எந்தத் தொனியும் இல்லை. ஆளை மறைத்து வழியை மட்டும் காட்டும்.

*

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இது ‘துர்ஹ்’ என்பதுபோல ஒலித்த சொல். ஜெர்மன் மொழியின் ‘துர்ஹ்’ இதன் உடன்பிறப்பு. ‘தரோ’ (முழுமையான) என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிரிந்த இன்னொரு வடிவம்தான். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை போனால்தானே முழுமை? மூக்குத் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் பின்பாதியும் இதே குடும்பம். துளை என்று பொருள். ஆக, இந்தச் சொல்லின் அடியில் இருப்பது துளை. உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வருவது.

இதை ஆங்கில வாத்தியாரைவிட நன்றாகத் தெரிந்தவன் ஐ.டி.ஐ. படித்த பையன். வரைபடத்தில் விட்டத்தின் அளவுக்குப் பக்கத்தில் ‘த்ரூ’ என்று எழுதியிருந்தால் டிரில் பிட் மறுபக்கம் வெளியே வரணும். ஆழம் குறித்திருந்தால் அது ‘பிளைண்ட் ஹோல்’, அந்த அளவோடு நிற்கணும். சர்க்யூட் போர்டு லைனில் இருப்பவர்களுக்கு ‘த்ரூ ஹோல்’ என்றால் பாகத்தின் கால் போர்டைத் துளைத்து அந்தப் பக்கம் தெரியணும். ஹீட் ட்ரீட்மென்டில் ‘த்ரூ ஹார்டனிங்’ என்றால் மேல்தோல் மட்டுமல்ல, நடு வரைக்கும் கடினமாகணும். எல்லாவற்றிலும் ஒரே பொருள்: பாதியில் நிற்கக் கூடாது.

காலத்துக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்க வழக்கில் ‘மண்டே த்ரூ சாட்டர்டே’ என்றால் சனிக்கிழமையும் சேர்த்தி. ‘டு’ போட்டால் சனி உண்டா இல்லையா என்று கேட்க வேண்டியிருக்கும். ‘த்ரூ’ போட்டால் கேள்வியே இல்லை. சனிக்கிழமைக்குள் நுழைந்து அதன் மறுபக்கம் வரை போகணும். ஷிப்ட் அட்டவணையில் இந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் ஒரு நாள் லீவு போச்சு.

கடைசியாக வருவது கருவி, வழி என்ற பொருள்: ஒருவர் த்ரூ, ஒன்றின் த்ரூ. டீக்கடைத் தம்பி சொன்னது இதைத்தான். இதிலும் துளையின் நிழல் இருக்கிறது என்பதைக் கவனிக்கணும். இடையில் இருப்பவர் ஒரு வழி. வழி என்றால் அது எங்கிருந்தோ புறப்படுகிறது, எங்கோ போய்ச் சேருகிறது. வழியே ஊர் ஆகாது.

*

நம்ம புத்தகக் கடைகளில் கிடைக்கும் ‘முப்பது நாளில்’ வகை ஆங்கிலப் புத்தகங்கள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? பெரும்பாலும் ஒரு அட்டவணை. ‘பை’ என்றால் ஆல், மூலம். ‘த்ரூ’ என்றால் வழியாக, மூலம். ‘வித்’ என்றால் உடன், ஆல். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரண வாக்கியம். ஜன்னல் வழியாகப் பார்த்தான், நண்பன் மூலம் தெரிந்துகொண்டேன். அடுத்த பக்கத்தில் அடுத்த பாடம்.

இதில் தப்பு இல்லை. ஆனால் போதாது. ‘பை’யும் ‘த்ரூ’வும் ‘மூலம்’ என்ற ஒரே வீட்டில் குடியேறிவிடுகின்றன. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகங்கள் கேட்பதில்லை. ஆனால் அப்படி வரும்போதுதான் வித்தியாசமே தெரியும். இதற்கு நல்ல சான்று தமிழ் விவிலியத்தில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், கடவுள் தீர்க்கதரிசியைக் கொண்டு சொன்னதைப் பற்றி ஒரு வசனம். கிரேக்க மூலத்தில் கடவுளுக்கு ஒரு முன்னிடைச்சொல், தீர்க்கதரிசிக்கு வேறொன்று. பரவலாகப் படிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: கர்த்தருக்கு ‘ஆலே’, தீர்க்கதரிசிக்கு ‘மூலமாய்’. சொன்னவர் ஒருவர், வாய் இன்னொருவருடையது. மாற்றிப் போட முடியாது.

ஆக, தமிழுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. நம்ம இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்வார்கள். அதில் கருத்தாவை இரண்டாகப் பிரிப்பார்கள். தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா, கையால் செய்தவன். அரசனால் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதல் கருத்தா; செய்யச் சொன்னவன். அரசன் ஒரு செங்கல்லையும் தொட்டிருக்க மாட்டான். ஆனாலும் ‘ஆல்’ அவனுக்கு உண்டு. ஏவியவனும் கருத்தாதான் என்பது பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்த பாடம். ஒரகடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம்ம செய்தித்தாள் வாக்கியத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள்: ‘ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு எடுக்கப்பட்ட தொழிலாளர்கள்’. மூலம் இருக்கிறது. செயப்பாட்டு வினை இருக்கிறது. ‘ஆல்’ எங்கே? எடுக்கப்பட்டார்கள், சரி, யாரால்? வாக்கியம் வாயை மூடிக்கொள்கிறது. போதாததற்கு ‘மூலம்’ என்ற சொல்லுக்கே வேர், ஆதி என்று பழைய பொருள் உண்டு. கோயிலில் மூலவர், கணக்கில் மூலதனம். ‘ஆல்’ காணாமல் போன வாக்கியத்தில் ‘மூலம்’ தன் பழைய பொருளுக்கே திரும்பிப்போய், ஒப்பந்ததாரர்தான் எல்லாவற்றுக்கும் ஆதி என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. மூலதனம் ஒருவரிடம், ‘மூலம்’ இன்னொருவர்.

இலங்கைத் தமிழில் இந்த இடத்தில் ‘ஊடாக’ என்று எழுதுவார்கள். எனக்கு அது பிடித்த சொல். ஊடு என்றால் நடு, இடை. ‘ஒப்பந்ததாரர் ஊடாக’ என்றால் அவர் நடுவில் இருப்பவர், ஆதி இல்லை என்பது சொல்லிலேயே தெரிகிறது.

*

சட்டம் என்ன சொல்கிறது? 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்துதல் மற்றும் ஒழித்தல்) சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் இரண்டு முன்னிடைச்சொற்களையும் சேர்த்தே போடுகிறது: ஒப்பந்ததாரர் ‘பை ஆர் த்ரூ’, அதாவது அவரால் அல்லது அவர் ஊடாக எடுக்கப்பட்டவர். முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி என்று ஒரு வாலும் உண்டு. எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி கையை விரிக்க முடியாதபடி போட்ட வால் அது.

‘பை ஆர் த்ரூ’ என்பதை வேகமாகப் படித்தால் வக்கீல்கள் பழக்கத்தில் இரண்டு சொல் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் 2001 ஆகஸ்ட் 30-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்திய உருக்கு ஆணையம் (செயில்) வழக்கில் இந்த இரண்டு சொல்லையும் தனித்தனியாகப் பிரித்தே படித்தது. அந்த வாசிப்பின் சாரம் இது. முதன்மை வேலையளிப்பவர், ஒப்பந்ததாரர் த்ரூ ஒரு தொழிலாளியை எடுத்தால், அங்கே ஒப்பந்ததாரர் வெறும் முகவர். முதலாளி–தொழிலாளி உறவு கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையில்தான். ஒப்பந்ததாரரே எடுத்திருந்தால், அதாவது ‘பை’ என்றால், அந்த ஒப்பந்தம் உண்மையானதா அல்லது வெறும் முகமூடியா என்ற கேள்வி எழலாம். முகமூடிதான் என்று தொழில் தீர்ப்பாயத்தில் சாட்சியத்தோடு நிரூபித்தால் தொழிலாளி கம்பெனியின் ஆளாகவே கருதப்படுவார்.

இதைப் படித்தபோது டீக்கடைத் தம்பி நினைவுக்கு வந்தான். அவன் ‘கன்சல்டன்சி த்ரூ’ என்று தன் தாழ்ந்த நிலையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறான். ஆனால் அந்தத் தீர்ப்பின் கணக்கில் ‘த்ரூ’தான் அவனுக்குச் சாதகமான சொல். ‘த்ரூ’ என்றால் துளை. அவன் ஒப்பந்ததாரரைத் தாண்டி அந்தப் பக்கம், கம்பெனியிடம், வெளியே வந்துவிட்டவன். கம்பெனியின் காகிதங்கள்தான் அவனை ‘பை’ என்று எழுதுகின்றன. அடையாள அட்டையில், சம்பளச் சீட்டில், பி.எஃப். பாஸ்புக்கில் எங்கும் வேலையளிப்பவர் ஒப்பந்ததாரர்தான். வாய் ‘த்ரூ ஹோல்’ என்கிறது, காகிதம் ‘பிளைண்ட் ஹோல்’ போடுகிறது.

இதை ரொம்ப இழுக்கவும் கூடாது. அதே 2001 தீர்ப்பு, ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலைகளில் தொழிலாளர்கள் தானாகவே நிரந்தரமாகிவிடுவார்கள் என்று ஏர் இந்தியா வழக்கில் 1996-ல் சொல்லப்பட்டதை ரத்து செய்தது. அதனால் தொழிற்சங்கங்களுக்கு அது கசப்பான தீர்ப்பு. ‘த்ரூ’ என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்கணும். 2009-ல் விமான நிலைய சரக்குத் தொழிலாளர் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. லைனில் வேலை சொல்வது கம்பெனி அதிகாரி என்பது மட்டும் போதாது. ஆளை எங்கே அனுப்புவது, எப்போது மாற்றுவது என்ற கடைசி அதிகாரம் யாரிடம், சம்பளம் தருவது யார் என்று பார்க்கணும் என்றது. நடைமுறையில் தொழிலாளி ‘த்ரூ’வை நிரூபிப்பது மலையைப் புரட்டுகிற வேலை. அவரிடம் இருக்கும் எல்லாக் காகிதமும் எதிர்த்தரப்பு அச்சடித்தது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் 1978-ல் ஒரு தீர்ப்பு உண்டு. கோழிக்கோட்டில் ஒரு கயிறு தொழிற்சாலை. இவர்கள் ஒப்பந்ததாரர்களின் ஆட்கள், எங்கள் ஆட்கள் இல்லை என்றது நிர்வாகம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. யாருடைய வியாபாரத்துக்காகச் சரக்கு உற்பத்தியாகிறதோ, யார் கைவிட்டால் தொழிலாளியின் பிழைப்பு போகுமோ, அவரே வேலையளிப்பவர். நடுவில் எத்தனை திரை இருந்தாலும் விலக்கிப் பார்க்கணும் என்ற பார்வை அவருடையது. அவர் கேட்டது ‘யார் த்ரூ’ இல்லை, ‘யாருக்காக’. நான்காம் வேற்றுமை.

*

இதெல்லாம் சொல் விளையாட்டு என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் கணக்கைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்கணும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் 480 நாள் யாரிடம்? ஒரே லைன், ஒரே ஸ்டேஷன், ஒரே ஸ்பேனர். இடையில் ஒப்பந்ததாரர் மாறினால் காகிதத்தில் வேலையளிப்பவர் மாறிவிட்டார். ‘பை’ என்று படித்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ‘த்ரூ’ என்று படித்தால் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். 1972-ன் பணிக்கொடைச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. ஐந்து வருஷம் தொடர்ச்சியான வேலை என்பது பொது விதி. ஆறு வருஷம் ஒரே கேட் வழியாகப் போய் வந்தவரின் பி.எஃப். பாஸ்புக்கில் மூன்று நிறுவனங்களின் பெயர் இருந்தால், அந்த ஆறு வருஷம் யாருடையது? ஒரு முன்னிடைச்சொல்லுக்குக் காசில் விலை போடலாம் என்றால் இங்கேதான் போடலாம்.

காசைவிடப் பெரியதும் உண்டு. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலருக்கு உடம்பு கெட்டது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆச்சு என்று சரியான பதில் கிடைக்காத கோபத்தில் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. விடுதி, சாப்பாட்டுக்கூடம் சிலவற்றின் தரம் சரியில்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

அந்த இரவில் நெடுஞ்சாலையில் கேட்கப்பட்ட கேள்வி என்ன? எளிமையாகச் சொன்னால், ‘யாரால்?’ சமைத்தவர் ஒருவர், விடுதியை நடத்தியவர் ஒருவர், ஆலை ஒருவருடையது, போன் இன்னொருவருக்காக. நான்கு பேரும் ஒருவர் ஊடாக ஒருவர். ‘த்ரூ’வை இப்படி அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ‘ஆல்’ ஏற்க ஆளே மிஞ்சுவதில்லை. அந்த போன் வரும் பெட்டியைப் பாருங்கள். ஆங்கிலத்தில், கலிஃபோர்னியாவில் ஆப்பிளால் வடிவமைக்கப்பட்டது என்று ‘பை’ போட்டு எழுதியிருக்கும். அடுத்து, ‘அசெம்பிள்ட் இன் இந்தியா’ என்றிருக்கும். வடிவமைத்தவருக்கு ‘பை’ உண்டு. கோர்த்தவருக்கு ‘இன்’ மட்டும்தான். இடம் இருக்கிறது, ஆள் இல்லை.

*

இந்த ஏற்பாடு ஸ்ரீபெரும்புதூர் கண்டுபிடித்ததும் இல்லை. தமிழர்கள் இதை வெகுகாலமாகப் பார்த்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பிறகு மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் போனது கங்காணி ஊடாக. ‘கண்காணி’ என்ற சொல்லின் தேய்வு அது. ஊரில் ஆள் சேர்ப்பவர், முன்பணம் தருபவர், தோட்டத்தில் மேய்ப்பவர் எல்லாம் அவரே. ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. தொழிலாளியின் கடன் தோட்டத்துரையிடம் இல்லை, கங்காணியிடம். கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்குப் பெயரே ‘துண்டு’. இலங்கையில் அந்தத் துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கு இப்படி ஆள் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு நிறுத்தியது.

கங்காணி முறையை நான் புகழவில்லை. அதன் கொடுமைகள் தெரிந்தவைதான். ஆனால் மொழி சார்ந்த ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அன்று இடைத்தரகருக்கு ஒரு பெயர்ச்சொல் இருந்தது: கங்காணி, மேஸ்திரி. திட்டலாம், கெஞ்சலாம், பாட்டுக் கட்டலாம். இன்று அந்த இடத்தில் ஒரு இடைச்சொல் மட்டும் இருக்கிறது. இடைச்சொல் தனியாக நிற்காது, பெயரையோ வினையையோ சார்ந்துதான் நிற்கும் என்பது நம்ம இலக்கணத்தின் அரிச்சுவடி. ‘த்ரூ’வைத் தனியாக நிற்க விட்டதுதான் நாம் செய்த பிழை.

இப்போது 1970 சட்டத்தின் இடத்தில் புதிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு வந்திருக்கிறது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 20 பேர் என்றிருந்த வரம்பு 50 ஆகிவிட்டது. ஒப்பந்ததாரரிடமே நிரந்தரமாக, காலமுறை ஊதிய உயர்வோடும் சமூகப் பாதுகாப்போடும் இருப்பவர்கள் இனி ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் வரையறையில் அந்த இரண்டு சொற்கள் அப்படியே இருக்கின்றன: ‘பை ஆர் த்ரூ’. ஆகவே பழைய கேள்வியும் உயிரோடுதான் இருக்கிறது.

இதைத் தமிழில் எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை சின்னது. ‘பை ஆர் த்ரூ’ வரும் இடத்தில் ‘மூலம்’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். ‘ஒப்பந்ததாரரால் அல்லது அவர் ஊடாக’ என்று இரண்டையும் எழுதுங்கள். செய்தி எழுதும்போது ‘மூலம் எடுக்கப்பட்ட’ என்று வந்தால் ‘யாரால்’ என்று ஒரு முறை கேட்டு, பதில் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஆங்கிலப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஜன்னல் உதாரணத்தோடு இன்னொன்றும் சேர்க்கலாம். ‘பை’யும் ‘த்ரூ’வும் ஒரே வாக்கியத்தில் வரும் உதாரணம். அந்தப் புத்தகத்தை வாங்குவது பெரும்பாலும் அந்தத் தம்பி மாதிரி ஆட்கள்தான்.

டீக்கடையில் கேட்க வேண்டிய கேள்விகளும் மூன்று இருக்கின்றன. யார் த்ரூ வந்தே? யார் கீழ வேலை செய்றே? யாருக்காக செய்றே? மூன்று தீர்ப்புகளின் சாரம் மூன்று வரியில். முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் வைத்திருக்கிறார்கள். அடுத்த இரண்டையும் அடுத்த டீயின்போது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவன் சொல்லும் பெயர் அந்த கன்சல்டன்சியுடையதாக இருக்காது.